ஆறில்லா ஊரின் யமுனை

நல்லூர் இராசதானி – 7

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது. வழுக்கியாறு இருக்கிறதே என்று வலிகாமத்தார் சண்டைக்கு வரக்கூடும். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று வயல்களுக்குள்ளால் வந்து அராலியில் கடலேரியைத் தொடும் அது மாரியில் மட்டும்தான் ஓடும். சித்திரை, வைகாசியில் போனால் அதற்குள் மாடு மேய்வதைக் காணலாம். தொண்டைமானாறு என்று பெயரிலேயே ஆற்றை வைத்திருப்பதோ கடலேரியின் ஒரு கை. வாயில் வைக்க முடியாத உப்பு. குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணக்கல். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையை அது ஓடவிடாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். நாங்கள் கிணற்றையும் துலாவையும் கேணியையும் நம்பி வாழ்ந்த சனம்.

நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளுக்கும் தண்ணீர் விசயத்தில் இதே நிலைமைதான். ஆற்றைப் பார்த்தபடி அரண் கட்டும் வசதி அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆகவே அரண்மனை வளவில் ஒரு கேணியை வெட்டி, யமுனையிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து அதில் கலந்து, யமுனா ஏரி என்று பேரும் வைத்தார்கள். இது யாழ்ப்பாண வைபவமாலை தரும் செய்தி. மாதகல் மயில்வாகனப் புலவர், மேக்கறூன் என்ற ஒல்லாந்த அதிகாரி கேட்டதற்கிணங்க 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய நூல் அது. அரசு அழிந்து நூறு ஆண்டுக்குமேல் ஆனபின் எழுதியது. ஆகவே தீர்த்தக் குடத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கேணியை நம்பலாம், அது இருக்கிறது. சங்கிலித்தோப்பு என்ற அரண்மனைக் காணிக்குப் பின்புறமாக, ‘ப’ எழுத்தின் வடிவில், கல்லுக் கட்டிய கரையோடு கிடக்கிறது. வட இந்தியாவின் ஒரு பெரிய நதி, இங்கே ஒரு வேலிக்குப் பின்னால், பாசி பிடித்து.

சென்ற இதழில் 1450-இல் கோட்டே மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு அனுப்பிய சப்புமல் குமாரயன் நல்லூரைப் பிடித்ததோடு நிறுத்தியிருந்தோம். தமிழில் அவனுக்குச் செண்பகப்பெருமாள் என்று பெயர். ஏறக்குறைய 17 ஆண்டு வடக்கில் இருந்துவிட்டு, கோட்டேயில் அரசுரிமைச் சண்டை மூண்டதும் அவன் தெற்கே போய்ப் புவனேகபாகு என்ற பெயரில் முடி சூடிக்கொண்டான். இந்தியாவுக்குத் தப்பிப் போயிருந்த கனகசூரிய சிங்கையாரியன் பிள்ளைகளோடு திரும்பி வந்து தன் சிம்மாசனத்தைப் பிடித்தான். அதிலிருந்து 1619 வரைக்கும், பரராசசேகரன், செகராசசேகரன் என்று மாறி மாறிப் பட்டப் பெயர் சூடிய அரசர்களுக்கு நல்லூர்தான் இருக்கை. நந்திக் கொடி, ‘சேது’ என்று பொறித்த காசு, வைத்தியத்துக்கும் சோதிடத்துக்கும் அரசன் பேரிலேயே நூல்கள், காளிதாசனின் இரகுவம்சத்தைத் தமிழ் விருத்தமாக்கிய அரசகேசரி என்ற அரச குடும்பத்துப் புலவன் எல்லாமே இந்த ஊர்க் கணக்கில் வருபவை.

அந்த நகர் எவ்வளவு பெரியது, எங்கே தொடங்கி எங்கே முடிந்தது? மதில் இல்லை, அகழி இல்லை, கொத்தளம் இல்லை. ஆனால் வைபவமாலை ஒரு வழி விட்டுவைத்திருக்கிறது. நகரைக் கட்டியபோது நாலு திசைக்கும் காவலாக நாலு கோயில் எடுத்தார்களாம். கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர். இந்த நாலும் இன்றைக்கும் பூசை நடக்கிற கோயில்கள். கட்டடங்கள் பழையவை அல்ல. போர்த்துக்கேயர் இடித்ததற்குப் பிறகு, ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலுமாக எழும்பியவை. பழைய மூலஸ்தானத்தின் மேலேயேதான் ஒவ்வொன்றும் நிற்கிறது என்றும் சத்தியம் செய்ய முடியாது. என்றாலும் ஒரு சைக்கிளில் ஏறி இந்த நாலு கோயிலையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் பழைய இராசதானியின் வளையம் காலுக்குப் பிடிபடும். ஒரு காலைப்பொழுது போதும். இடையில் வரும் பெயர்களைக் கேட்டுக்கொண்டே போகவேண்டும்: நாயன்மார்கட்டு, பண்டாரக்குளம், சங்கிலியன் வீதி, முத்திரைச்சந்தி. கொஞ்சம் மேற்கே போனால் ஆனைப்பந்தி. யானை கட்டிய இடம் இன்று மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடைகளும் மதில் வீடுகளுமாக இருக்கிறது.

முத்திரைச்சந்தியில் குதிரைமேல் வாளோடு நல்லூர் அரசன் சங்கிலியனின் சிலை. 1974-இல் வைத்ததைப் பின்னர் 2011-இல் புதுப்பித்தார்கள். சிலைக்குப் பக்கத்திலுள்ள புனித யாக்கோபு தேவாலயத்தின் வளவுதான் பழைய கந்தசுவாமி கோயில் நின்ற இடம் என்பது ஊர்ச் செய்தி. வரலாற்றாசிரியர்களில் பலரும் அதை ஒத்துக்கொள்கிறார்கள்.

அங்கிருந்து பருத்தித்துறை வீதியால் போனால், வீதிக்கு அருகே தனியாக ஒரு தோரண வாயில். இருபுறமும் மதில் இல்லை, பின்னால் மாளிகை இல்லை, வாயில் மட்டும். இதைத்தான் சங்கிலியன் தோரண வாயில் என்று தொல்லியல் திணைக்களத்தின் பலகை முதல் பள்ளிக்கூடப் புத்தகம்வரை சொல்கின்றன. கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கொடியும் பூவும் இழைத்திருக்கிறார்கள். சாந்து உதிர்ந்த இடங்களில் உள்ளே இருக்கும் கல் தெரியும். வளைவு அரைவட்டமாகத் திரும்புகிற விதமும் அதன் மேலுள்ள அலங்காரமும் திராவிடக் கோபுர வேலையை நினைப்பூட்டவில்லை. ஒல்லாந்தர் கால வீடுகளின் முகப்புகளையே நினைப்பூட்டுகின்றன. இது சங்கிலியன் கட்டியது அல்ல, அரண்மனை நின்ற காணியில் பின்னால் வந்த யாரோ கட்டிய வளவு வாசல் என்று தொல்லியல் தெரிந்தவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆகவே இதைக் காட்டி ‘சங்கிலியன் இதற்குள்ளால்தான் குதிரையில் போனான்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகிற வாத்தியார்மார் கொஞ்சம் பொறுக்கவேண்டும். இடம் சங்கிலியனுடையது. வாயில் அவனுடையது என்பதற்குச் சான்று வேண்டும்.

சட்டநாதர் கோயில் பக்கமாக நிற்கும் மந்திரி மனையின் கதையும் இதேதான். அரசனின் மந்திரி இருந்த வீடு என்பது வழக்கு. வளைவுகள் வைத்த முகப்பு, மர வேலைப்பாடு, தடித்த சுவர், உள்ளே இருட்டு, சுவரில் காதலர்கள் கரியால் கிறுக்கிய பெயர்கள். இங்கிருந்து யமுனா ஏரிக்குச் சுரங்கம் போகிறது என்று அயலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தச் சுரங்கத்தில் போய் வந்தவர் என்று யாரும் அகப்படமாட்டார். எங்கள் பழைய கட்டடங்களில் பாதிக்குச் சுரங்கம் இருக்கிறது, வாயால். கட்டடத்தின் பாணி ஒல்லாந்தர் காலத்தையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சேர்ந்தது. சங்கிலியனின் மந்திரி யாராவது இதற்குள் இருந்திருந்தால் அவர் இருநூறு வயதுக்குமேல் வாழ்ந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், காசிக்குப் போய் வந்த நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. காசிக்கு எதிர்க்கரையில் இராம்நகர்க் கோட்டை கங்கையின் விளிம்பிலிருந்தே எழும்பி நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் பல்வந்த் சிங் மன்னர் சுனார் மணற்கல்லில் கட்டியது. காசி அரச குடும்பத்தார் இன்றைக்கும் அதன் ஒரு பகுதியில் குடியிருக்கிறார்கள், இன்னொரு பகுதியைக் காட்சிச்சாலையாக்கி ரிக்கற் விற்கிறார்கள், புரட்டாதி வந்தால் இராமலீலாவை முன்னின்று நடத்துகிறார்கள். அவ்வளவு தூரம் ஏன்? பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரத்தில், எங்கள் அரசர்களைப் போலவே ‘சேதுகாவலர்’ பட்டம் சூடிய சேதுபதிகளின் வழியினர் இன்னமும் அரண்மனை வளவிலேயே இருக்கிறார்கள்; இராமலிங்க விலாசம் மட்டும் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையிடம். அங்கெல்லாம் கோட்டைக்கு உரிமை கொண்டாட ஒரு குடும்பம் இருக்க, நல்லூருக்கு மட்டும் ஏன் இல்லை?

போரில் தோற்றதனால் என்பது பாதிப் பதில்தான். சேதுபதிகளும் தோற்றார்கள், காசி மன்னரும் ஆங்கிலேயரிடம் அடி வாங்கினார். 1560-இல் நாங்களும் ஒருமுறை தோற்றோம். கோவாவின் பதிலரசன் கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா கப்பற்படையோடு வந்து நல்லூரைப் பிடித்தான். முதலாம் சங்கிலி கோப்பாய்க்கும் அங்கிருந்து வன்னிக்குமாகப் பின்வாங்கினான். நல்லூரில் அகப்பட்ட திரவியத்தில் புத்தரின் தந்தம் என்று நம்பப்பட்ட ஒன்றும் இருந்ததாகவும், பர்மாவின் பெகு அரசன் அதற்குப் பெருந்தொகை பேசியும் கொடுக்காமல் கோவாவில் பேராயர் முன்னிலையில் இடித்து எரித்ததாகவும் போர்த்துக்கேயரே எழுதி வைத்திருக்கிறார்கள். கண்டியார் இதை ஏற்பதில்லை. உண்மைத் தந்தம் எங்களிடமே இருந்தது என்பார்கள். எப்படியும், அந்த முறை சனம் கிளர்ந்தெழுந்ததில் போர்த்துக்கேயர் மன்னாரை மட்டும் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள், அரசு பிழைத்தது. 1591-இல் அந்திரே பூர்த்தாடு த மெந்தோன்சா வந்தபோது அரசனைக் கொன்றார்கள். வீரமாகாளி கோயில் பக்கத்தில் சண்டை கடுமையாக நடந்தது. அப்போதும் அரச குடும்பத்திலேயே எதிர்மன்னசிங்கனைப் பிடித்துத் தங்கள் சொற்கேட்கும் அரசனாக இருத்திவிட்டுத்தான் போனார்கள். அதாவது அதுவரைக்கும் போர்த்துக்கேயர் செய்தது பின்னாளில் ஆங்கிலேயர் இந்தியச் சமஸ்தானங்களில் செய்த அதே வேலை. அரசன் இருப்பான், சாவி அவர்களிடம்.

1619-இல் அந்த முறையைக் கைவிட்டார்கள். எதிர்மன்னசிங்கன் 1617-இல் இறந்ததும், சிறுபிள்ளையான இளவரசனுக்காக ஆட்சி பார்க்க இருந்தவர்களைக் கொன்றுவிட்டுச் சங்கிலிகுமாரன் அதிகாரத்தை எடுத்தான். தஞ்சாவூர் இரகுநாத நாயக்கனிடம் படை கேட்டான். பிலிப்பே த ஒலிவேறா பூநகரி வழியாகத் தரைப்படையோடு வந்தான். சங்கிலிகுமாரன் குடும்பத்தோடு தோணி ஏறித் தப்பப் பார்த்துக் கடலில் அகப்பட்டான். கோவாவுக்குக் கொண்டுபோய், விசாரித்து, ஞானஸ்நானம் கொடுத்து, 1623-இல் கொன்றார்கள்.

அதற்குப் பின் நடந்ததுதான் எங்கள் கேள்விக்கு விடை. மிஞ்சிய அரச குடும்பத்துப் பிள்ளைகளையும் பெண்களையும் கொழும்புக்கும் கோவாவுக்கும் அனுப்பி, பிரான்சிஸ்கன் துறவிகளின் பொறுப்பில் விட்டார்கள். ஆண்கள் துறவிகளானார்கள், பெண்கள் கன்னிமாடத்துக்குப் போனார்கள். துறவிக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, ஆகவே வழக்குப் போட வாரிசு இல்லை. கத்தி எடுக்காமலே ஒரு வம்சத்தை முடிக்கும் வழி இது. சங்கிலிகுமாரனைக் கொன்றதைப் பற்றி எங்கள் நாடகங்களும் பேச்சுகளும் கண்ணீர் விட்டிருக்கின்றன. அரசைத் திரும்பி வரவிடாமல் செய்தது அந்தக் கொலை அல்ல, இந்த மடங்கள்தான் என்பது என் எண்ணம். தெற்கே கண்டியில் 1815-க்குப் பின் ஆங்கிலேயர் செய்ததும் கிட்டத்தட்ட இதுவே: ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைக் குடும்பத்தோடு வேலூருக்கு ஏற்றினார்கள், அவன் அங்கேயே 1832-இல் இறந்தான். இலங்கையில் இந்தியாவைப்போல அரண்மனையில் இருந்துகொண்டு மானியம் வாங்கிய மன்னர் குடும்பம் ஒன்றுகூட உருவாகாதது தற்செயல் அல்ல. இன்றைக்கு ஆரியச்சக்கரவர்த்தி வழியினர் தாங்களே என்று உரிமை சொல்லும் ஒரு குடும்பம் நெதர்லாந்தில் இருக்கிறது. போர்த்துக்கேயரை விரட்டிய ஒல்லாந்தரின் நாட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். உரிமைக்கும் காணிக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை என்பதே இங்கே முக்கியம்.

காணிக்கு என்ன நடந்தது? ஒலிவேறா முதலில் நல்லூரிலேயே இருந்தான். தஞ்சாவூர்ப் படைகள் வந்து நல்லூரில் அவனை வளைத்தபோது அவனுக்குத் தெரிந்தது, பலம் கப்பலில் இருப்பவனுக்கு உள்ளூர்த் தலைநகர் உதவாது என்று. ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தெற்கே, கடலேரிக் கரையில், யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு ஆட்சியை மாற்றினான். 1621-இல் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். இடிக்கவேண்டாம் என்று ஊரவர்கள் வேண்டியதையும் அவர்கள் வேண்ட வேண்ட அவனுக்குப் பிடிவாதம் கூடியதையும் போர்த்துக்கேயப் பாதிரியார் கெயிறோஸ் பெருமையாகவே எழுதியிருக்கிறார். அந்தக் கற்கள் புதிய கோட்டைக்குப் போனதாகச் சொல்வார்கள். தண்ணீரோரக் கோட்டை யாழ்ப்பாணத்துக்குக் கடைசியில் கிடைத்தது, கட்டியவன்தான் வேறு.

அரண்மனை வளவு வெறும் நிலமானது. போர்த்துக்கேயர் 1645-இல் ஊர் ஊராகக் காணிகளைத் தோம்பு என்ற பதிவேட்டில் எழுதினார்கள்; ஒல்லாந்தர் அதைத் தங்கள் பங்குக்கு விரிவாக எழுதினார்கள். தோம்பில் பேர் ஏறிவிட்டால் அது ஒருவனின் காணி. 1707-இல் கிளாஸ் ஐசாக் என்ற ஒல்லாந்தத் திசாவை எங்கள் வழக்கங்களைத் தேசவழமை என்று சட்டமாகத் தொகுத்தபோது முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று மூன்று வகைச் சொத்தும் எழுத்தில் வந்தன. பிறகு என்ன, நல்லூரின் மண் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாக, தகப்பனிடமிருந்து மகனுக்கு முதுசொமாகப் பரப்புக் கணக்கில் துண்டானது. ஒரு காலத்தில் யானை நின்ற இடம் யாரோ ஒரு பெண்ணின் கல்யாண உறுதியில் ‘வடக்கு எல்லை ஒழுங்கை, கிழக்கு எல்லை பனை நிற்கும் வேலி’ என்று எழுதப்பட்டது. பீரங்கிக்குத் தப்பிய அத்திவாரம்கூட இதற்குத் தப்பியிராது. ஒவ்வொரு வீட்டுக்கும் கிணறு வெட்டவேண்டும், மலகூடக் குழி வெட்டவேண்டும், மதிலுக்குக் கல் வேண்டும். மண்ணுக்குள் என்ன வந்தது என்று யார் குறித்து வைத்தார்கள்?

ஒரு குடும்பம் பரம்பரையாகக் கையில் வைத்திருக்கிற பெருமனை நல்லூரில் இல்லாமலும் இல்லை. அது அரச குடும்பம் அல்ல. ஒல்லாந்தர் கச்சேரியில் சிறாப்பராக இருந்த தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார், கிருஷ்ணையர் என்ற பிராமணரோடு சேர்ந்து, 1734 அளவில் குருக்கள் வளவு என்ற காணியில் கந்தசுவாமி கோயிலை மறுபடி எழுப்பினார். பெயரைக் கவனியுங்கள்: ஞானஸ்நானம் பெற்ற பேரோடு ஒரு கணக்குக்காரர், அரசர்களின் கோயிலைத் திருப்பி எடுக்கிறார். தொடக்கத்தில் அது ஓலைக் கூரையும் கல்லுச் சுவரும்தான், மூலஸ்தானத்தில் வேல். நல்லூரிலேயே பிறந்த ஆறுமுக நாவலர் ஆகம முறைப்படி இல்லை என்று அந்தக் கோயில்காரரோடு மல்லுக்கட்டியது தனிக்கதை. மாப்பாண முதலியார் வழியினர்தான் இன்றும் கோயில் அதிகாரிகள். அர்ச்சனைச் சீட்டு இன்றும் ஒரு ரூபாய். மணி அடித்தால் நேரத்துக்குப் பூசை. மந்திரி வந்தாலும் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். 25 நாள் திருவிழாவுக்கு முன், கல்வியங்காட்டுப் பக்கமிருந்து செங்குந்தர் மரபினர் கொடிச்சீலை கொண்டுவருவார்கள். ஆட்சி என்றால் இதுதான் ஆட்சி என்று நல்லூர்க் கிழவிகள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு.

அந்தக் கோயிலில் படிக்கப்படும் கட்டியத்தில் ஒரு அரசனின் பேர் வருகிறது. அது பரராசசேகரனும் அல்ல, சங்கிலியும் அல்ல. புவனேகபாகு! வைபவமாலை அவனை முதலாவது சிங்கையாரியனின் மந்திரி என்கிறது. வரலாற்றாசிரியர் பலர், இது சென்ற இதழில் நாம் விட்ட சப்புமல் குமாரயனேதான் என்கிறார்கள். அப்படியானால் நல்லூரை வென்ற சிங்கள இளவரசனின் பேரை, நல்லூரை ஆண்ட தமிழ் அரசர்களின் ஊரில், ஒல்லாந்தர் காலத்து முதலியாரின் கோயிலில், ஒவ்வோர் ஆண்டும் உரத்துச் சொல்கிறார்கள். அரசியல் மேடைகளில் இருபக்கத்தாரும் இதைப் பேசுவதில்லை. பேசாதது நல்லது என்றே நினைக்கிறேன், கட்டியமாவது நிம்மதியாக இருக்கட்டும்.

திரும்பவும் மந்திரி மனைக்கு வருவோம். 2025 செப்ரெம்பரில் பெய்த மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உடனே பத்திரிகைகளில் தொல்லியல் திணைக்களத்தைத் திட்டினார்கள், வெளிநாட்டிலிருந்து கண்டன அறிக்கைகள் வந்தன. காணி தனியாருடையது என்பதைச் சிலரே சொன்னார்கள். இலங்கையின் தொல்பொருட் சட்டம் 1940-ஆம் ஆண்டினது. தனியார் காணியில் உள்ள கட்டடத்தையும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வர்த்தமானியில் போடலாம். போட்டால் அனுமதியில்லாமல் உரிமையாளர் அதில் கைவைக்க முடியாது. ஆனால் பூட்டுத் திறப்பதும், கம்பு ஊன்றுவதும், கூலி கொடுப்பதும் வர்த்தமானியில் தானாக நடப்பதில்லை. உரிமையாளரும் திணைக்களமும் ஒரு மேசையில் இருந்து பேசியாக வேண்டும். அந்தச் சட்டம் பழஞ்சின்னம் என்பதற்கு ஒரு எல்லைத் திகதியும் வைத்திருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதாவது இந்த நாட்டில் கடைசி அரசனின் ஆட்சி போன நாளோடு பழமை முடிந்துவிட்டது என்பது சட்டத்தின் கணக்கு. மந்திரி மனையின் எந்தச் சுவர் அந்தத் திகதிக்கு முந்தியது, எது பிந்தியது என்று ஒரு பொறியியலாளரும் ஒரு தொல்லியலாளரும் சேர்ந்து நின்று சொல்லவேண்டிய வேலை முதலில் இருக்கிறது. விழுந்த கல்லை லொறியில் ஏற்றுமுன் அதைச் செய்வார்களானால் நல்லது.

அடுத்த இதழில், ஒலிவேறாவுக்குப் பின்னால் நாமும் தெற்கே நடந்து, கடலேரிக் கரையில் முருகைக்கல்லால் எழுந்த கோட்டைக்குள் போவோம்.